ஜப்பான் சரக்கு ரயில் பொம்மைகளுக்கு என்ன சீருடை அடிப்பது?

கேள்வி இது: "N கேஜ் என்ற சின்ன அளவு மாடல் ரயிலில் பழைய ஜப்பான் சரக்கு ரயில் ஒன்று வைத்திருக்கிறேன். டிரைவர், கார்டு, யார்டு ஆட்களுக்குச் சீருடை எந்த நிறத்தில் அடிக்க வேண்டும், படங்களை எங்கே தேடுவது?"

முதலில் நான் சொதப்பிய கதையைச் சொல்லிவிடுகிறேன். என்னுடைய லேஅவுட், அதாவது மேஜைமேல் மாடல் ரயில் ஓடும் காட்சி, ஒரு சின்ன கிராமத்து ஸ்டேஷன், பக்கத்தில் இரண்டு சைடிங் (பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தண்டவாளம்), சுற்றிலும் பச்சைப் பசேலென்று நெல் வயல். டி51 நீராவி இன்ஜின் ஒன்று சரக்குப் பெட்டிகளை இழுத்து வரும், கடைசியில் கார்டு பெட்டி. பதினொரு ஆட்களை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கருநீலத்தில் அடித்து ஒட்டி முடித்தேன். அப்போது எங்கள் ஆபீசில் ஒரு ஜப்பானியப் பெரியவர் இருந்தார், சின்ன வயதில் ரயில் பைத்தியமாக இருந்தவர். அவரிடம் போட்டோவைக் காட்டினேன். இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இது எந்த மாதம்?" என்றார். ஜூலை என்றேன். "இவர்களுக்கு வேர்க்காதா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

விஷயம் இதுதான்: ஜப்பானில் வழக்கமாக ஜூன் 1 அன்று வெயில்காலச் சீருடைக்கும், அக்டோபர் 1 அன்று குளிர்காலச் சீருடைக்கும் மாறுவார்கள். கொரோமொகாயே என்று அதற்குப் பெயரே உண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து ரயில்வே ஊழியர் வரைக்கும். செர்ரி பூத்திருக்கும் லேஅவுட் என்றால் அது கருநீலக் கோட்டுக் காலம். வயல் பச்சையாக இருந்தால் ஸ்டேஷன் ஆட்களும் கார்டும் வெள்ளைச் சட்டைக்கு வந்திருப்பார்கள். அதனால் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் மேஜைக்கு ஒரு தேதி வையுங்கள், வருஷமும் மாதமும். அதை முடிவு செய்யாமல் படம் தேட உட்கார்ந்தால் நான் தேடிய மாதிரி ஆறு மாதம் தேடலாம்.

வருஷத்தை வைத்து யார் யார் வேண்டும் என்பது தானாக முடிவாகிவிடும். 1949 முதல் 1987 மார்ச் வரை இருந்தது தேசிய ரயில்வே, கொகுதெட்சு என்பார்கள். 1987 ஏப்ரல் 1 அன்று அதைப் பிரித்தபோது சரக்குக்கென்று ஜேஆர் பிரெயிட் என்ற தனிக் கம்பெனி வந்தது. அதற்குள் கார்டு பெட்டி வழக்கொழிந்துவிட்டது, கடைசி வேகனில் சிவப்பு வட்டத் தகடு மாட்டி அனுப்பிவிடுவார்கள். ஜேஆர் காலத்து ரயில் என்றால் கேபினில் ஒரே ஒரு டிரைவர், கீழே பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் ஹெல்மெட் போட்ட ஷண்டிங் ஆள், கன்டெய்னர் யார்டு இருந்தால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், வேலை முடிந்தது. நீராவி வேண்டும் என்றால் 1975 டிசம்பர் 24-க்கு முன்னால் போக வேண்டும், அன்றைக்குத்தான் ஹொக்கைடோவில் டி51 241 தேசிய ரயில்வேயின் கடைசி நீராவிச் சரக்கு ரயிலை, ஒரு நிலக்கரி ரயிலை, இழுத்து வந்தது. வேகன்களை யார்டு யார்டாகப் பிரித்துச் சேர்த்து அனுப்பும் முறை 1984 பிப்ரவரியோடு முடிந்தது. அதற்கு முந்தைய காலம் என்றால் உங்களுக்கு ஒரு அருமையான ஆள் கிடைப்பார்: உருண்டு போகும் வேகனின் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு பிரேக் லீவரை ஒரு காலால் மிதிப்பவர். முழங்காலுக்குக் கீழே பேன்ட் எதிலும் சிக்காமல் இருக்கப் பட்டை சுற்றியிருப்பார், அந்த ஒரு பட்டையை வரைந்தாலே ஆள் யார்டுக்காரர் ஆகிவிடுவார்.

நீராவி இன்ஜின் ஆட்களைக் கருநீலத்தில் அடிக்காதீர்கள். அவர்கள் போட்டிருந்தது நப்பா-ஃபுகு என்ற வெளிர் நீல வேலைச் சட்டை. நப்பா என்றால் கீரை, ஆக கீரைச் சட்டை! கரியும் எண்ணெயும் ஏறி நாளாவட்டத்தில் ஒரு மாதிரி அழுக்கு நீலமாகிவிடும், அதனால் நீலம் காய்ந்தபின் கறுப்பைத் தண்ணீராகக் கரைத்து மேலே ஓட விடுங்கள். தொப்பியின் வாரை இறக்கி முகவாயில் மாட்டியிருப்பார்கள். டிரைவர் இடது பக்கம், உதவியாளர் வலது பக்கம்.

ஸ்டேஷன் மாஸ்டரின் தொப்பிக்கு வருகிறேன். பலர் ஜெர்மன் பொம்மைகளை வாங்குவோம், அதில் சிவப்புத் தொப்பி போட்ட ரயில்வேக்காரர் ஒருவர் இருப்பார், சரி இவர்தான் மாஸ்டர் என்று அப்படியே நிறுத்திவிடுவோம். கூடாது. ஜப்பானில் முழுச் சிவப்புத் தொப்பி போர்ட்டருடையது (நம்மூரில் சிவப்புச் சட்டை மாதிரி). மாஸ்டருக்குத் தொப்பியைச் சுற்றிச் சிவப்புப் பட்டை, அதன்மேல் தங்கக் கோடு, அவ்வளவுதான் சிவப்பு.

ஜெர்மன் பொம்மை என்றதும் அளவு சரியாக வருமா என்று கேட்பீர்கள். ஜப்பான் N கேஜ் 1:150, ஐரோப்பாவில் 1:160. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 160 செ.மீ. ஆள் 1:150-இல் 10.7 மி.மீ., 170 செ.மீ. ஆள் 1:160-இல் 10.6 மி.மீ. அந்தக் காலத்து ஜப்பானியருக்கு அந்த ஜெர்மன்காரர் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறார். இந்தக் கணக்கிலேயே இன்னொன்றும் தெரியும். 2 செ.மீ. பித்தான் இங்கே 0.13 மி.மீ., அதை விட்டுவிடலாம். கார்டின் கைப்பட்டை 10 செ.மீ. அகலம் என்றால் 0.67 மி.மீ., அது கண்ணுக்குத் தெரியும். தொப்பி தெரியும், வெள்ளைக் கையுறை தெரியும், எல்லாவற்றையும் விடக் கை நீட்டியிருப்பது தெரியும். சிக்னலை விரலால் சுட்டி வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு உண்டல்லவா, அந்த நிலையில் ஒரே ஒரு ஆள் இருந்தால் போதும், சீருடையில் செய்த தப்பையெல்லாம் அது மறைத்துவிடும். கையாட்டும் பொம்மையின் கையை வெட்டி நேராக ஒட்டினாலே போதும்.

படம் தேடுவது: ஆங்கிலத்தில் தேடினால் பக்கம் பக்கமாகப் புல்லட் ரயில் டிரைவர்தான் வருவார். கொகுதெட்சு, செய்ஃபுகு (சீருடை), கமோட்சு ரெஷ்ஷா (சரக்கு ரயில்), ஷாஷோ (கார்டு), இந்த வார்த்தைகளை மொழிபெயர்ப்பு ஆப்பில் ஜப்பானிய எழுத்தாக்கி, அதை ஒட்டித் தேடுங்கள். ஏலத் தளங்களில் பழைய சீருடைகள் விற்பனைக்கு வரும், வாங்க வேண்டாம், போட்டோ போதும். வெயில் பட்ட தோள்பட்டையைப் பார்த்து நிறம் முடிவு செய்யாதீர்கள், காலருக்கு அடியில் மடிப்பு தெரிகிற படமாகப் பாருங்கள், அங்கேதான் அசல் நிறம் மிஞ்சியிருக்கும். பழைய கலர் போட்டோ என்றால் அதில் நமக்கு நிறம் நன்றாகத் தெரிந்த ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். டிஇ10 டீசல் இன்ஜினின் ஆரஞ்சுச் சிவப்பு அந்தப் படத்தில் பிரௌனாகத் தெரிந்தால் சீருடையின் நீலத்தையும் நம்ப முடியாது. நேரில் போக முடிந்தால் ஒமியா, கியோட்டோ ரயில் மியூசியங்கள்.

கருநீலம் அடிக்கும்போது டப்பாவில் இருப்பதை அப்படியே அடித்தால் ஒரு செ.மீ. பொம்மையில் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். பாதிக்குப் பாதி கிரே கலந்து அடியுங்கள், மேஜையில் வைத்தால் சரியாக இருக்கும்.

என்னுடைய பதினொரு பேரில் எட்டுப் பேரைத் தின்னரில் கழுவித் திரும்ப அடித்தேன். மீதி மூன்று பேரின் கால் பசையோடு சேர்ந்து உடைந்துவிடும் போல இருந்தது, அதனால் இன்ஜின் ஷெட்டைத் தூக்கி அவர்கள் மேலேயே கவிழ்த்துவிட்டேன். ஜூலையில் கோட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே நிற்கிறார்கள்.