மகளின் ஆராய்ச்சித் தலைப்பைப் பார்த்துக் கவலைப்படும் அப்பாவுக்கு

வணக்கம் சார். எம்.ஏ. ஆங்கிலம் முடிக்கப்போகும் உங்கள் மகள், ‘விக்டோரியா காலக் கவிதையில் சடங்கு, தொன்மம், லிமினாலிட்டி’ என்று பிஎச்.டி.க்குத் தலைப்பு யோசித்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். “இதைப் படித்தால் யார் வேலை தருவார்கள், வேறு தலைப்பு எடுக்கச் சொல்லுங்கள்” என்றும் கேட்டிருந்தீர்கள். அப்படி நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்தத் தலைப்பை இப்படியே எடுக்கவும் விடமாட்டேன்.

வேலை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் பொதுவாக நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேற வேண்டும். நெட் தேர்வில் முதல் தாள் 100 மதிப்பெண், பாடத்தாள் 200. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. யாருடைய ஆராய்ச்சித் தலைப்பு என்ன என்று அங்கே கேள்வியே இல்லை. அதே தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்துவிட்டால் மாதம் 37,000 ரூபாய் வரும். அதற்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. குடிமைப் பணித் தேர்வில் ஆங்கில இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுப்பவர்களுக்கு விக்டோரியா காலக் கவிஞர் டென்னிசனின் ‘இன் மெமோரியம்’ என்ற நெடுங்கவிதை பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் வீண் என்று நினைக்கும் அதே காலத்துக் கவிதைதான். ஆக, வேலை இல்லாமல் போனால் அதற்குத் தலைப்பு காரணமாக இருக்காது. நெட் தேறாததும், ஆராய்ச்சி ஆறு ஏழு வருஷம் இழுப்பதும்தான் காரணமாக இருக்கும்.

இந்தத் தலைப்பு இழுக்கும். என் கவலை அதுதான். விக்டோரியா ராணியின் ஆட்சி 1837 முதல் 1901 வரை. டென்னிசன், பிரௌனிங், ஆர்னால்ட், கிறிஸ்டினா ரோசெட்டி, ஸ்வின்பர்ன், ஹாப்கின்ஸ் என்று அந்தக் காலக் கவிஞர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆயுள் வேண்டும். சடங்கு தனிப் பாடம், தொன்மம் தனிப் பாடம். மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டினால் தூக்க முடியாது.

லிமினாலிட்டி என்றதும் பயந்துவிடாதீர்கள். சாவு வீட்டில் காரியம் முடியும்வரை குடும்பத்தார் பழையபடியும் இருப்பதில்லை, புது வாழ்க்கைக்குள்ளும் போவதில்லை அல்லவா? அந்த நடுக்கட்டம்தான். பிரிதல், நடுவில் நிற்றல், மறுபடி சேர்தல் என்று சடங்குகளுக்கு மூன்று படிகள் உண்டென 1909இல் பிரெஞ்சு மொழியில் எழுதியவர் வான் கென்னெப். அந்த நடுப்படியை 1960களில் விரித்து எழுதியவர் மானிடவியலாளர் விக்டர் டர்னர்.

மகளிடம் ‘இன் மெமோரியம்’ ஒன்றை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். டென்னிசனின் நண்பர் ஆர்தர் ஹாலம் 1833இல் வியன்னாவில் இறந்தார், வயது 22. அந்தத் துக்கத்தில் பதினாறு பதினேழு வருஷம் துண்டு துண்டாக எழுதிச் சேர்த்த கவிதை 1850இல் வெளியானது. அதற்குள் மூன்று கிறிஸ்துமஸ்கள் வருகின்றன. முதலாவதில் வழக்கமான கொண்டாட்டத்தை ஒப்புக்குச் செய்கிறார்கள். இரண்டாவதில் கண்ணீர் அடங்கி ஆட்டமும் விளையாட்டும் திரும்பி வருகின்றன. மூன்றாவதில் குடும்பம் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அங்கே பழைய வழக்கம் எதையும் செய்ய வேண்டாம் என்கிறார் கவிஞர். இடம் மாறியதும் சடங்கின் பிடி விட்டுப்போகிறது. கவிதை முடிவதோ தங்கையின் கல்யாணத்தில். மூன்று படிகளும் இருக்கின்றன, தேடிப் பிடிக்க வேண்டியதே இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது ஏழாம் பகுதி. தூக்கம் வராமல் விடியற்காலையில் லண்டனில் நண்பர் இருந்த வீட்டுக் கதவுக்கு முன்னால் போய் நிற்கிறார். அவர் அங்கே இல்லை. தூறலில் வெறிச்சோடிய தெருவில் பொழுது விடிகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகள் கழித்து 119இல் அதே கதவுக்குத் திரும்ப வருகிறார், கிட்டத்தட்ட அதே வரியோடு. இந்த முறை பறவைச் சத்தம் கேட்கிறது, தெருவில் புல்வெளி மணக்கிறது. மனசுக்குள் நண்பரின் கையைப் பற்றிக்கொள்கிறார். இரண்டு முறையும் கதவு திறக்கவில்லை, அவர் உள்ளே போகவுமில்லை. அப்படியானால் எது மாறியது? இதற்கு விடை எழுதினாலே ஓர் அத்தியாயம் தேறும்.

வைவாவில், அதாவது பிஎச்.டி. வாய்மொழித் தேர்வில், ஒரு கேள்வி கட்டாயம் வரும்: 1909இல் வந்த கோட்பாட்டை 1850இல் வந்த கவிதைமேல் எப்படிப் பொருத்தினீர்கள்? பல மாணவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். கோட்பாட்டிலிருந்து தொடங்காமல் வரலாற்றிலிருந்து தொடங்கினால் திணற வேண்டியதில்லை. அந்தக் கால இங்கிலாந்தில் சடங்கு என்பது தெருச்சண்டைக்குரிய விஷயம். தேவாலயத்தில் தூபம் போடலாமா, மெழுகுவத்தி ஏற்றலாமா, பாதிரியார் என்ன அங்கி போடலாம் என்று அடித்துக்கொண்டார்கள். 1874இல் இதற்கென்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன் கீழ் பாதிரியார்கள் சிறைக்கும் போனார்கள். கிறிஸ்டினா ரோசெட்டி தொழுத தேவாலயம் அந்தச் சடங்குப் பற்றுள்ள பக்கத்தைச் சேர்ந்தது. டென்னிசன் வேண்டாம் என்றால் மகள் இந்த வழியில் போகலாம். இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டாம்.

கவிதை சோறு போடுமா என்று கேட்டிருந்தீர்கள். மாத்யூ ஆர்னால்டுக்கும் போடவில்லை சார். கல்யாணம் செய்ய நிலையான வருமானம் வேண்டும் என்று 1851இல் பள்ளி ஆய்வாளர் வேலையில் சேர்ந்தவர் 35 வருஷம் அதிலேயே இருந்தார். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு போன தேனிலவுப் பயணத்தில்தான் ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஒரு மடத்தைப் பார்த்தார். செத்துப்போன உலகத்துக்கும் பிறக்கச் சக்தியில்லாத உலகத்துக்கும் நடுவே அலைவதாக அவர் எழுதிய புகழ்பெற்ற வரி அந்த மடத்தைப் பற்றிய கவிதையில் வருகிறது. வேலையும் பார்த்தார், எழுதவும் செய்தார்.

கைடு (ஆராய்ச்சி வழிகாட்டி) விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் வழிகாட்ட முடியும். இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக நாவல் ஆராய்ச்சி செய்பவரிடம் கவிதைத் தலைப்போடு சேர்ந்தால், பாதி வழியில் தலைப்பு நாவலாகிவிடும். யாரிடம் சேர நினைத்தாலும், அந்தக் கைடிடம் ஏற்கெனவே முடித்த இரண்டு மாணவர்களிடம் எத்தனை வருஷமானது என்று விசாரித்துவிட்டுச் சேரட்டும்.

அரசு மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணியும் மனதில் இருந்தால் பி.எட். வேண்டும். பிஎச்.டி.யில் சேர்ந்த பிறகு நடுவில் அதைச் செருகுவது கஷ்டம். எம்.ஏ. முடித்த கையோடு பி.எட்.டா, நெட்டா என்று இந்த மாதமே மகளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். இந்த ஜூன் நெட்டுக்கு அவர் விண்ணப்பிக்கலாம், கடைசி ஆண்டு மாணவர்களையும் எழுத விடுகிறார்கள். ஏழாம் பகுதியையும் 119ஆம் பகுதியையும் வைத்து இரண்டு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டு போனில் பேசுகிறேன்.