ப்ராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கசியுமா? பயிற்சியை இப்போதே தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 64. மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ப்ராஸ்டேட் புற்றுநோய்க்காக அடுத்த மாதம் சுரப்பியை முழுவதுமாக எடுக்கப்போகிறார்கள். அப்புறம் ஆயுள் முழுக்க டயப்பர்தான் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. தடுக்க வழி உண்டா டாக்டர்?

பதில்: ஆயுள் முழுக்க டயப்பர் என்ற நிலை பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை, அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். ஆனால் ஆபரேஷனின்போது சிறுநீர் வெளியேற வைக்கும் டியூபை எடுத்ததும் சில வாரங்கள் கசியத்தான் செய்யும். அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

சிறுநீரைப் பிடித்துவைக்க ஆண்களுக்கு இரண்டு சுருக்குத்தசைகள் உண்டு. ஒன்று சிறுநீர்ப்பையின் வாயில், இன்னொன்று ப்ராஸ்டேட்டுக்குக் கீழே. சுரப்பியை எடுக்கும்போது மேலே உள்ள பிடிப்பு பெரும்பாலும் போய்விடும். இரண்டு பேர் பார்த்த கடையை ஒருவர் பார்ப்பதுபோல, கீழே இருப்பது தனியாகச் சமாளிக்க வேண்டும். அதற்கும் அதைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசைகளுக்கும் வலுவேற்ற உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதை வீணாக்காதீர்கள்.

எது அந்தத் தசை என்று கண்டுபிடிப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். குளியலறைக் கண்ணாடி முன் உடையில்லாமல் நின்று, ஆணுறுப்பை உள்ளே இழுத்து, விதைப்பையை மேலே தூக்குவதுபோல் செய்து பாருங்கள். சரியான தசை என்றால் உறுப்பின் அடிப்பகுதி உள்வாங்குவதும் விதைகள் லேசாக ஏறுவதும் கண்ணுக்கே தெரியும். அதை விட்டுவிட்டுப் புட்டத்தை இறுக்கி, மூச்சை அடக்கி, வயிற்றை முக்கினால் அழுத்தமெல்லாம் சிறுநீர்ப்பை மேல்தான் போகும், பலன் தலைகீழாகிவிடும். புரியாவிட்டால் வெட்கப்படாமல் பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் 3 விநாடி பிடித்தால் போதும், போகப்போக 10 விநாடி வரை கூட்டலாம். பிடித்த அளவு நேரம் முழுசாகத் தளர்த்தவும் வேண்டும். இப்படி 10 முறை, தினமும் 3 வேளை. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள். ஆபரேஷனுக்குப் பின் டியூப் உள்ளே இருக்கும் ஒன்றிரண்டு வாரமும் வேண்டாம். அதை எடுத்தபின் மருத்துவர் சரி என்றதும் மறுபடி தொடங்குங்கள்.

உங்கள் சர்ஜனிடம் ஒன்று கேளுங்கள்: ப்ராஸ்டேட்டின் இரு பக்கமும் ஒட்டி ஓடும் நரம்புக் கற்றைகளைக் காப்பாற்ற முடியுமா? அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பேட்ரிக் வால்ஷ் 1982-ல் தொடங்கிவைத்த முறை அது. ஆண்மையைக் காக்க வந்ததுதான் என்றாலும் சிறுநீர்க் கட்டுப்பாட்டுக்கும் கைகொடுக்கிறது. கட்டி நரம்பை ஒட்டியிருந்தால் மட்டும் வற்புறுத்தாதீர்கள், புற்றுநோயை முழுதாக எடுப்பதுதான் முக்கியம். ரோபோவா, சாதா ஆபரேஷனா என்பதைவிட, செய்பவருக்கு எவ்வளவு அனுபவம் என்று பார்ப்பதையே நான் பெரிதாக நினைப்பேன்.

இருமும்போதும் தும்மும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும்தான் கசிவு அதிகம். அதனால் எழுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே தசையை இறுக்கிக்கொண்டு எழப் பழகுங்கள். சாயங்காலம் தசை களைத்துவிடுவதால் அப்போது கூடுதலாகக் கசிந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் இரவுப் படுக்கைதான் முதலில் நனையாமல் நிற்கும், அது நல்ல அறிகுறி. அரிசி மூட்டையைக் குறைந்தது 6 வாரம் தொடவே கூடாது. கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள், காபி டீயைக் குறையுங்கள். மலச்சிக்கல் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலருக்கு 3 முதல் 6 மாதத்தில் நன்றாகக் குறையும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அதன் பிறகும் தொந்தரவாக இருந்தால் சிறுநீர்க்குழாயைத் தாங்கிப்பிடிக்கும் ஸ்லிங், செயற்கைச் சுருக்குத்தசை என்று சிகிச்சைகள் இருக்கின்றன. இடையில் சிறுநீர் நூல்போல மெலிந்து வந்தாலோ, முக்கினாலும் வராவிட்டாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, இரத்தக் கட்டிகள் போனாலோ அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.