புரத அமைப்பை விளக்க அனிமேஷன் வைத்தால் கேட்பவர்களுக்கு உண்மையிலேயே தெளிவாகப் புரியுமா? எப்படிச் செய்வது?

புரியும். ஆனால் மூலக்கூறைச் சும்மா சுழல விட்டால் புரியாது.

நான் கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் தஞ்சாவூரில் ஒரு கருத்தரங்கில் ஹீமோகுளோபின் பற்றிப் பேசினேன். ஆக்சிஜன் சேரும்போது அது எப்படி வடிவம் மாறுகிறது என்பதுதான் விஷயம். திரையில் முழு மூலக்கூறும் நான்கு வண்ணங்களில் 360 டிகிரி சுற்றிக்கொண்டிருக்க, நான் பேசிக்கொண்டே போனேன். முடிந்ததும் முன்வரிசை மாணவி ஒருவர் எழுந்து, "சார், இதுல எது நகர்ந்துச்சு?" என்று கேட்டார். நான் காட்டிய படத்தில் அதற்குப் பதில் இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு அனிமேஷனையும் அந்த ஒரு கேள்விக்குப் பதிலாகத்தான் செய்கிறேன்.

ஹீமோகுளோபினையே எடுத்துக்கொள்வோம். 1938இலேயே ஃபெலிக்ஸ் ஹவுரோவிட்ஸ் என்ற உயிர்வேதியியலாளர், ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் படிகம் காற்றுப் பட்டதும் உருக்குலைவதைக் கவனித்தார். படிகத்தையே குலைக்கும் அளவுக்கு உள்ளே ஏதோ நகர்கிறது. ஹீமோகுளோபினில் ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு என நான்கு புரதச் சங்கிலிகள் உண்டு. அந்த நகர்வு இதுதான்: ஓர் ஆல்ஃபாவும் ஒரு பீட்டாவும் சேர்ந்த ஜோடி, எதிரே இருக்கும் ஜோடியைப் பொறுத்துச் சுமார் 15 டிகிரி திரும்புகிறது. புரத அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் இணையத் தளமான புரதத் தரவு வங்கியில் (PDB), ஆக்சிஜன் இல்லாத அமைப்பின் குறியீடு 2எச்எச்பி (2HHB). ஆக்சிஜன் சேர்ந்தது 1எச்எச்ஓ (1HHO). இரண்டையும் மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் கைமெராஎக்ஸ் (ChimeraX) மென்பொருளில் திறந்து மார்ஃப் செய்யலாம், அதாவது ஒரு வடிவம் படிப்படியாக மற்றதாக மாறுவதுபோல் காட்டலாம். ஒன்றைக் கவனியுங்கள்: 1எச்எச்ஓ கோப்பில் ஒரு ஜோடிதான் இருக்கும், மறுபாதி படிகச் சமச்சீரிலிருந்து, அதாவது படிகத்தில் அதே ஜோடி ஒழுங்காகத் திரும்ப வருவதை வைத்து, கிடைப்பது. அதனால் நான்கு சங்கிலியும் உள்ள முழுத் தொகுப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். இது தெரியாமல் எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது.

எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டு அமைப்புகளையும் எதை வைத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்துகிறீர்கள் என்பது. நான்கு சங்கிலிகளையும் சேர்த்துப் பொருத்தினால் திருப்பம் இரு பக்கமும் பங்கு பிரிந்து, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் நெளிவதுபோல் தெரியும். ஒரு ஜோடியை மட்டும் பொருத்துங்கள். அது அப்படியே நிற்கும், மற்றது திரும்புவது பளிச்சென்று தெரியும். திருவாரூர் ஆழித்தேர் வீதி முனையில் திரும்பும்போது, எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று வீட்டு வாசலில் நிற்பவருக்குத்தான் தெரியும். வடத்தோடு சேர்ந்து நகர்பவருக்குத் தெரியாது. வாசலில் நிற்கும் அந்த இடத்தைப் பார்ப்பவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டும். நிற்கும் ஜோடிக்குச் சாம்பல் நிறம், திரும்பும் ஜோடிக்கு மட்டும் வண்ணம், கேமரா அசையவே கூடாது.

ஆழம் தெரிய வேண்டுமென்றால், நகர்வு தொடங்கும் முன்பே மூலக்கூறை இருபுறமும் 20 டிகிரி மெதுவாக ஆட்டிக் காட்டி நிறுத்திவிடுங்கள். அப்புறம் நகர்வு, நான்கு வினாடி. அந்த நான்கு வினாடியும் நீங்கள் பேசாதீர்கள். கவனம் உங்கள் பேச்சுக்குப் போனால், அந்தக் குறுகிய நகர்வு கண்ணில் படாமல் போகலாம்.

ஒவ்வொரு சங்கிலியிலும் ஆக்சிஜனைப் பிடிக்கும் தட்டையான பகுதிக்கு ஹீம் என்று பெயர். இந்தத் திருப்பத்தைத் தொடங்கி வைப்பது அதன் நடுவில் இருக்கும் இரும்பு அணு. ஆக்சிஜன் வந்து பிணைந்ததும் அது சுமார் 0.4 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) நகர்ந்து ஹீமின் தளத்துக்குள் வருகிறது, தன்னோடு ஒட்டிய ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தையும் இழுக்கிறது. முழுப் புரதமும் தெரியும் படத்தில் இதைக் காட்ட முயலாதீர்கள், யாருக்கும் தெரியாது. கிட்டே போய்த் தனித் துண்டாக எடுங்கள்.

இன்னொன்றை அவசியம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தொடக்கமும் முடிவும் எக்ஸ் கதிர்ச் சோதனையில் கிடைத்தவை. இடையில் வருவதெல்லாம் மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்பியது. அதைச் சொல்லாமல் விட்டால், மூலக்கூறு அந்த வழியாகத்தான் வழுக்கிக்கொண்டு போகிறது என்று மாணவர்கள் நம்பிவிடுவார்கள். இதை நான் ஸ்லைடிலேயே ஒரு வரியாக எழுதிவிடுகிறேன்.

கடைசியாக, வீடியோவை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அரங்கில் இருக்கும் கணினியில் ஓடாமல் போகலாம். முதல் ஃப்ரேமையும் கடைசி ஃப்ரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அம்புக்குறி போட்டு, அடுத்த ஸ்லைடாகச் சேர்த்துவிடுங்கள். வீடியோ நன்றாக ஓடினாலும், கேள்வி நேரத்தில் அந்தப் படத்துக்குத்தான் திரும்பப் போகச் சொல்வார்கள்.