அந்தக் குப்பியை நீங்கள் குடித்தீர்களா?

கேள்வி: 1990களில் கணினி விளையாட்டிலேயே ஊறிக் கிடந்தவன் நான். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, டூம், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் எல்லாவற்றிலும் ஓர் உயிர் இருந்தது. காசு பிடுங்கும் வேலை இல்லை. இன்று வருவதில் படம்தான் பளபளக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. இதில் என் மகன், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்துக்குப் புதுப்பூச்சு பூசி விற்பதை வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கிறான். ஒரே விளையாட்டுக்கு எத்தனை முறை காசு கொடுப்பது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முதல் முறை எப்போது கொடுத்தீர்கள் ஐயா?

கோபிக்காதீர்கள், நானும் உங்கள் கட்சிதான். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை வருமே, ஞாபகம் இருக்கிறதா? வரிசையாகக் குப்பிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் ஆங்கில எழுத்து. கையேட்டில் இந்தப் பக்கம், இந்த வரி, இந்தச் சொல், அதன் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி என்று கேட்பான். காசு கொடுத்து வாங்கியவனிடம் கையேடு இருக்கும். கோலாலம்பூர் செந்தூல் வீட்டு ஹாலில் எங்களிடம் இருந்தது, சித்தப்பா மகன் யாரிடமோ நகலெடுத்து வந்த பிளாப்பி மட்டும். குருட்டாம்போக்கில் குடித்துப் பார்த்து, எந்தக் கேள்விக்கு எந்த எழுத்து என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தோம். பிறகு சிடி காலம் வந்தது. புடு பக்கம் ஒரு மாடிக்கடையில் ஒன்று எட்டு வெள்ளி (ரிங்கிட்). இடம் போதாது என்று படத்தையும் பாட்டையும் உருவிவிட்டுத்தான் தருவான். அதையும் வாயைப் பிளந்து விளையாடினோம். ஆக, காசு பிடுங்கவில்லை என்பது சரி. நாம் கொடுக்கவில்லை என்பது அதைவிடச் சரி.

கேட்காமலும் இல்லை. 1993 டிசம்பரில் டூம் வந்தபோது மூன்று பாகத்தில் முதல் பாகத்தை இலவசமாக விட்டார்கள், நகலெடுத்து நாலு பேருக்குக் கொடுங்கள் என்றார்கள். மீதி இரண்டுக்குத்தான் காசு. நம்மில் எத்தனை பேர் கட்டினோம்?

சரி, அந்த உயிர் விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் இரண்டு பேர் ஒரே கீபோர்டில் விளையாடுவோம். அம்புக்குறிகள் எனக்கு, ஷிஃப்ட் சித்தப்பா மகனுக்கு. விளிம்பைப் பிடித்துத் தொங்க ஷிஃப்ட்டை அழுத்தியே இருக்க வேண்டும். அவன் விரலை எடுத்தால் நான் பள்ளத்தில். மூக்கு அரித்தது என்று ஒரு நாள் விரலை எடுத்துவிட்டான். அப்புறம் நடந்த சண்டையில் இளவரசியைக் காப்பாற்றக் கொடுத்திருந்த 60 நிமிடமும் கரைந்தது, ஒரு வாரம் பேச்சுவார்த்தையும் இல்லை. போன மாதம் அலுவலகக் கணினியில், பழைய விளையாட்டுகளை ஓட்டிக் காட்டும் டாஸ்பாக்ஸ் என்ற நிரலைப் போட்டு அதையே தனியாக விளையாடிப் பார்த்தேன். அரை மணியில் அலுத்துவிட்டது. நீங்கள் தேடும் உயிரில் பாதி, பக்கத்தில் இருந்த அந்த ஷிஃப்ட் விரல்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

மறு பாதியை மறுக்க மாட்டேன். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு, தாவவிட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அசைவாக வரைந்தார். 1989இல் வந்த அந்த இளவரசன் இன்றைக்கும் மனிதனைப் போலத்தான் ஓடுகிறான். ஆனால் அந்தப் பிடிவாதம் செத்துப்போய்விட்டது என்று யார் சொன்னது? 2016இல் வந்த ஸ்டார்டியூ வேலி, படம், இசை, நிரல் எல்லாமே ஒரே ஆள் பல வருடம் உட்கார்ந்து செய்தது. 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3இல் நீங்கள் யாரிடம் என்ன சொன்னீர்கள் என்பதை வைத்துக் கதை திசை மாறுகிறது. உள்ளே கடை விரித்து ‘இந்தச் சட்டைக்குத் தனிக்காசு’ என்று கேட்கவும் இல்லை. குப்பையும் வருகிறது. 2020இல் சைபர்பங்க் 2077 வெந்தும் வேகாததுமாக வந்து, சோனி தன் கடையிலிருந்தே எடுத்து வைத்தது. பிறகு பழுது பார்த்துக் கொண்டுவந்தார்கள். அன்றைய குப்பைகள் மட்டும் என்ன ஆயின என்கிறீர்கள்? பெயர்கூட மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறு. யூபிசாஃப்ட்டின் தி க்ரூ என்ற கார் விளையாட்டு 2014இல் வந்தது. 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வரை அணைத்தார்கள். தனியாக ஓட்டுகிறவனுக்கும் இணையம் கட்டாயம் என்று கட்டியிருந்ததால், காசு கொடுத்து வாங்கியவன் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. நம் குப்பி அறையின் பேரன்தான் இந்த இணையப் பூட்டு. தாத்தா கையேட்டை மட்டும் கேட்டார்; பேரன் வீட்டுச் சாவியையே தன்னிடம் வைத்துக்கொள்கிறான். அன்று காசு கொடுக்காமலேயே கையில் இருந்தது, இன்று கொடுத்தும் கையில் இல்லை. இதைக் கேட்டு எழுதியிருந்தீர்கள் என்றால் நானும் உங்களோடு சேர்ந்து மேசையைத் தட்டியிருப்பேன். நீங்களோ பளபளப்பைத் திட்டியிருக்கிறீர்கள்.

இனி மகன் கேட்பது. 2019இல் வந்தது புதுப்பூச்சுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2022இல் அதற்கு இந்தியா பற்றி ஒரு கூடுதல் தொகுப்பு போட்டார்கள். அதில் நாம் எடுத்து ஆளத் திராவிடர் என்று ஒரு நாகரிகம் இருக்கிறது. மரம் வெட்டச் சொன்னால் ஆள் தமிழில் பதில் சொல்கிறான். இராசேந்திர சோழனுக்கென்று தனிக் கதையே உண்டு. 1025இல் அவன் கப்பல்கள் வந்த கடாரம், உங்கள் பட்டர்வொர்த்துக்கு வடக்கே கொஞ்ச தூரம்தான். 1999இல் நாம் விளையாடியபோது இருந்த 13 நாகரிகங்களில் நமக்கு இடமே கிடையாது. ஜப்பானியரையோ பாரசீகரையோ எடுத்துக்கொண்டு திருப்திப்பட்டோம்.

அதில் உருமி வீரன் என்று ஒருவன் வருவான். தைப்பூசத்து உறுமி மேளம் என்று நினைத்து அசட்டையாக இருந்துவிடாதீர்கள், இது சுருள்வாள். ஒரே சுழற்றில் பக்கத்தில் நிற்பவன் எல்லாம் காலி. அவனை எப்படிச் சமாளிப்பது என்று உங்கள் மகனிடம் கேட்டு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். மூன்று முறை தோற்றுவிட்டேன்.