பனியில் நனைந்த காரைத் துடைக்கலாமா?

கேள்வி: மார்கழிப் பனியில் கார் தினமும் நனைகிறது. காலையில் துணியால் துடைத்தால் போதாதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: துடைக்கவே துடைக்காதீர்கள். ஈரத்தில் ஒட்டிய புழுதியையும் வைக்கோல் தூசியையும் துணி இழுத்துப்போய் பெயின்டில் வட்டக் கீறல் போடும். முதலில் மேலிருந்து கீழாக வெறும் தண்ணீர் அடியுங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் 10 லிட்டர் தண்ணீரில் கார் ஷாம்பு, மற்றொன்று துணி அலச. பாத்திர சோப்பு வேண்டாம், பெயின்டைக் காக்கும் மெழுகுப் பூச்சான வாக்ஸைக் கரைத்துவிடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காயும்முன் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். விட்டால் வெள்ளைத் திட்டு.

பலரும் மறப்பது அடிப்பகுதியை. சக்கரத்துக்கு மேலே உட்புறம் அப்பியிருக்கும் வயல் சேறு ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவேற்றும். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை அடைப்பு நீங்க பிளாஸ்டிக் குச்சியால் குத்திவிடுங்கள். நாகைப் பக்கம் போய்வந்தால் உப்புக்காற்று வேறு, அன்றே கழுவுங்கள்.