புருஷன் கூடவே நிற்கும்போது எப்படிக் கேட்பது?

சிஸ்டர், மன்னார்குடி பக்கம் உங்கள் சுகாதார நிலையத்துக்கு மாதாமாதம் அடிவயிற்று வலி என்று ஒரு பெண் வருகிறாள், ஸ்கேனில் ஒன்றுமில்லை, எதைக் கேட்டாலும் புருஷன்தான் பதில் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் அவர் அவளைப் பலவந்தப்படுத்துகிறாரோ என்ற உங்கள் சந்தேகம் நியாயம்தான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் மணமான பெண்களில் சுமார் 29 சதவீதம் பேர் கணவனின் அடியையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள், கணவன் குடிப்பவன் என்றால் இது இன்னும் கூடுகிறது (அறுவடைக் கூலி கைக்கு வரும் நாளில் நம் ஊர் டாஸ்மாக் வாசலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல).

முதலில் அவளைத் தனியாகப் பாருங்கள். யூரின் டெஸ்ட், எடை, என்ன சாக்கானாலும் சரி. பலாத்காரமா என்று கேட்காதீர்கள், கட்டின புருஷனைப் பற்றி அப்படி யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "உடம்பு முடியல, வேண்டாம்னு சொன்னாலும் விடமாட்டாரா?" என்று கேளுங்கள். வாய் திறக்கவில்லையா, நெருக்க வேண்டாம். திறந்தால், டாக்டரிடம் சொல்லிவிட்டு, பெண்கள் உதவி எண் 181-ஐயும், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்தையும் சொல்லுங்கள். போலீசுக்குப் போக அவள் பயந்தாலும், 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் அடக்கம், அதன்படி பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம்.

அப்புறம், அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே நிலையத்துப் பதிவில் எழுதுங்கள். ஓ.பி. சீட்டில் எழுதவே வேண்டாம், அது புருஷன் சட்டைப் பையில்தான் வீட்டுக்குப் போகும்.