கணக்குக்குப் பயந்து டிசைன் படிக்க வருகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடிக்கப்போகிறேன். கணக்கு வராது, ஓவியம் நன்றாக வரும். அதனால் டெக்ஸ்டைல் டிசைன் படிக்கலாம் என்றிருக்கிறேன். நான்கு வருடமும் என்ன சொல்லித் தருவார்கள்? எந்த லேப்டாப் வாங்குவது? வேலை கிடைக்குமா? "சேலையில் பூப் போட ஒரு டிகிரியா?" என்கிறார் அப்பா.

ம., சென்னிமலை

அன்புள்ள ம.,

லேப்டாப்பை இப்போது வாங்காதே. அகமதாபாத் என்.ஐ.டி. (தேசிய டிசைன் நிறுவனம்) ஆனாலும் சென்னை நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) ஆனாலும் முதல் வருடம் எல்லாருக்கும் பொதுவான அடிப்படைப் பாடம்தான். வேலையைப் பற்றியும் இப்போதே கவலை வேண்டாம். கரூரில் வீட்டுத்துணி ஏற்றுமதி செய்கிறவர்களுக்கும் டிசைனர் வேண்டும். அப்பாவோடு சண்டை போடாதே. துணி டிசைன் என்றால் பூப் போடுவது என்றுதானே நீயும் நினைத்துக்கொண்டிருக்கிறாய்?

கணக்குக்குப் பயந்து இந்தப் படிப்புக்கு வருகிறவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்திருந்தேன். தறி வகுப்பு தொடங்கிய வாரமே மாட்டிக்கொள்வார்கள். 10 அங்குல அகலத்தில் ஒரு சாம்பிள் நெய்யச் சொல்வார்கள் என்று வை. அச்சு என்பது இழைகளை வரிசையாகப் பிரித்து வைக்கும் சீப்பு. 64 அச்சு என்றால் 2 அங்குலத்துக்கு 64 பல், அங்குலத்துக்கு 32. பல்லுக்கு இரண்டு இழை விட்டால் மொத்தம் 640 இழை. இழைகளை ஏற்றி இறக்கும் சட்டம்தான் பலகை, ஒவ்வோர் இழையையும் கோர்க்க அதில் இருக்கும் கண்ணி விழுது. நான்கு பலகை, பலகைக்கு 160 விழுது. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள், 5 கஜம் என்றால் நூல் 3,200 கஜம். 2/40 பருத்தி நூல், அதாவது 40-ஆம் நம்பர் இழை இரண்டை முறுக்கியது, 20-ஆம் நம்பருக்குச் சமம்; நம்பருக்கு 840 கஜம் வீதம் ஒரு பவுண்டுக்கு 16,800 கஜம் வரும் (20 பெருக்கல் 840). ஆக, சுமார் 86 கிராம். கரை தனி. முன்னால் முடிச்சுப் போட்ட இடமும் கடைசியில் நெய்யவே முடியாத துண்டும் கழிந்துபோகும். 5 கஜப் பாவில் 5 கஜத் துணி வராது. இதில் எங்கேயம்மா பயப்படக் கணக்கு இருக்கிறது? பெருக்கல், வகுத்தல்தானே!

தப்பினால்தான் தொல்லை. விழுதில் 1, 2, 3, 4 என்று கோர்த்துக்கொண்டே வருகிறாய். பேச்சுவாக்கில் ஓரிடத்தில் 4-ஐ விட்டுவிட்டு, 3-க்கு அடுத்து 1-க்குப் போய்விட்டாய். சாதா நெசவில் 1-ம் 3-ம் ஒன்றாகத்தான் ஏறும். அந்த இரண்டு இழையும் ஒட்டிக்கொண்டு துணி நெடுக ஒரு கோடு விழும். நாலு விரற்கடை நெய்த பிறகுதான் கண்ணில் படும். புது விழுது கட்டி, ஓர் இழையைப் பின்னாலிருந்து எடை கட்டித் தொங்கவிட்டு, அந்த இடத்திலிருந்து ஓரம்வரை அச்சில் எல்லாவற்றையும் உருவி மறுபடி கோர்க்க வேண்டும். ஓவியம் எவ்வளவு நன்றாக வந்தாலும் இதிலிருந்து தப்பிக்க முடியாது.

சாட்டின் என்ற வழவழப்பான நெசவுக்கு 5 பலகை போதும், 6-இல் ஒழுங்கான சாட்டின் வராது. ஏன் என்று யோசி. பாவும் ஊடையும் பிணையும் புள்ளியை வரிக்கு வரி எத்தனை தள்ளி வைப்பது என்ற எண்ணுக்கும் பலகை எண்ணுக்கும் பொது வகுஎண் இருக்கக்கூடாது. 1-ம் 5-ம் சாய்கோடு விழும் ட்வில் நெசவாகிவிடும். 2, 3, 4 மூன்றுமே 6-ஓடு மாட்டிக்கொள்ளும். இதையெல்லாம் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நீயே போட்டுப் பார்க்க வேண்டும்.

உன் ஓவியத்துக்கு வேலை பிரிண்ட் வகுப்பில் வரும். அங்கேயும் ஒற்றைப் படம் அழகாக இருந்தால் போதாது. ஒன்பது பிரதியை மூன்றுக்கு மூன்றாக ஒட்டித் தள்ளி நின்று பார். பூக்களுக்கு நடுவே வாய்க்கால் மாதிரி வெள்ளைக் கோடு ஓடும். தாளை நான்காக வெட்டி, மூலைகளை இடம் மாற்றி ஒட்டி, நடுவில் திறந்த வெற்றிடத்தில் பூவை வரைந்தால்தான் அது மறையும்.

சென்னிமலையில் இருந்துகொண்டு எனக்குக் கடிதம் எழுதுகிறாய்! உங்கள் ஊரில் புதுப் பாவைப் பழைய பாவோடு பிணைத்துவிடுவார்கள், டிசைன் மாறும்போதுதான் புதிதாகக் கோர்ப்பார்கள். அப்படி எந்த வீட்டில் நடக்கிறது என்று விசாரித்து, பரீட்சை முடிந்ததும் போய் உட்கார். பின்னாலிருந்து இழையை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க ஆள் தேவைப்படும், உன்னை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.